அண்ணா பெரியாளானால் எங்களுக்கு அண்ணா இல்லாமல் போய்விடுவாரா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டில் இருக்கும் 17 வயதுத் தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பா கட்டாரில் வேலை. வீட்டில் அம்மா, 23 வயது அண்ணா, 13 வயதுத் தம்பி. சின்ன வயதில் மூன்று பேரும் ஒன்றாகவே திரிந்தவர்கள்: ஒழுங்கையில் கிரிக்கெட், பின்னேரம் தண்டவாளம் கடந்து கடற்கரை, இரவில் ஒரே கட்டிலில் கிடந்து கதை. இப்போது அண்ணா கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் கணக்கு வேலை செய்கிறார், கூடவே கணக்காளர் பரீட்சைக்கும் படிக்கிறார். இரவு எட்டு மணிக்கு வருவார், சாப்பிடுவார், போனோடு ஒதுங்கிவிடுவார். வாய் திறந்தால் "கிளாஸுக்குப் போனியா?", "ஏன் இவ்வளவு லேட்?" என்ற இரண்டு கேள்விகள்தான். தம்பியோடு எந்நேரமும் சண்டை. "அண்ணாவுக்கு எங்களைப் பிடிக்காமல் போய்விட்டதா? இனி இப்படியேதானா?" என்று கேட்கிறார்.

பிடிக்காமல் போகவில்லை, தங்கச்சி. நீங்கள் எழுதியதை வைத்தே அதை உறுதியாகச் சொல்ல முடிகிறது. பிடிக்காத ஆளுடைய வகுப்பு முடியும் நேரத்தை யாரும் மனதில் வைத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் நீங்கள் விவரித்ததில் இரண்டு வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று வயதோடு வருவது. அது எப்படி வந்ததோ அப்படியே தணிந்தும் போகும். மற்றது உங்கள் வீடு அண்ணாவின் தோளில் ஏற்றியது. அதை யாராவது இறக்கிவைத்தால் ஒழிய இறங்காது. பல வீடுகளில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு, "ஆம்பிளைப் பிள்ளை, இந்த வயசில அப்பிடித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். உயர்தர மாணவர்களோடும் அவர்களுடைய வீட்டாரோடும் நீண்ட காலமாகப் பேசி வருகிறவன் என்ற முறையில், அண்ணன் தம்பி தங்கை உறவைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான் என்று நம்புகிறேன். அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

வயதோடு வருவதை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் டுவேன் பர்மெஸ்டர், விண்டல் ஃபர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 3ஆம், 6ஆம், 9ஆம், 12ஆம் வகுப்புகளில் படித்த 363 பிள்ளைகளிடம் அவர்களுடைய சகோதர உறவுகளைப் பற்றிக் கேட்டு, 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மேல் வகுப்புகளுக்குப் போகப் போக உறவு சமநிலைக்கு வந்திருந்தது, மூத்தவர் இளையவரை ஆட்டிவைப்பது குறைந்திருந்தது. கூடவே உறவின் சூடும் குறைந்திருந்தது. சண்டையும் குறைவு, சேர்ந்திருக்கும் நேரமும் குறைவு. அதாவது "முன்பு போல் ஒட்டிக்கொண்டு திரிவதில்லை" என்று நீங்கள் கவலைப்படுவது வளர்ச்சியின் ஒரு பகுதி. அந்தச் சமநிலையில் இளையவரின் பங்கு பெரிது என்பதையும் கவனியுங்கள். தலைமயிர் பின்னவும், கணக்குச் சொல்லித்தரவும், வீதி கடக்கவும் மூத்தவர் தேவைப்படாமல் போகும்போது அவருடைய அதிகாரத்துக்கு இருந்த இடம் சுருங்குகிறது. அண்ணா வளர்வதைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் இதே காலத்தில் வளர்ந்திருக்கிறீர்கள்.

அண்ணன், தங்கை என்ற சோடிக்கென்று இன்னொரு ஆய்வும் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சூசன் மக்ஹேலும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரே குடும்பங்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2006இல் எழுதியது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை சோடிகளில் நெருக்கம் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தது. ஆணும் பெண்ணுமான சோடிகளில் அது சிறு வயதிலிருந்து இறங்கிக்கொண்டே வந்து, பதின்ம வயதின் தொடக்கம் கழிந்த பிறகு மறுபடி ஏறியது. நீங்கள் 17இல் நிற்கிறீர்கள். ஏற்றம் தொடங்க வேண்டிய இடம் இது.

அவை அமெரிக்கக் குடும்பங்கள். எங்கள் வீடுகளில் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாக வெட்டப்படுகிறது, அதுவும் ஒரே நாளில். உங்களுக்கும் அண்ணாவுக்கும் ஆறு வயது வித்தியாசம். நீங்கள் சாமத்தியப்பட்ட காலத்தில் அவருக்கு 18 அளவில் இருந்திருக்கும், ஏஎல் பரீட்சை தலைக்கு மேல் நின்றிருக்கும். "தங்கச்சி இப்ப பெரிய பிள்ளை, அந்த அறைக்குள்ள சும்மா போய் வராதே" என்று யாரோ ஒரு பெரியம்மா அவரிடம் சொல்லியிருப்பார். அதுவரை கட்டிலில் காலால் உதைத்து விளையாடிய தங்கச்சியோடு இனி எப்படிப் பழகுவது என்று ஒருவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பழகக் கூடாதவை மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கும். 18 வயதுப் பையன் அந்த நிலையில் என்ன செய்வான்? எட்ட நிற்பான். எட்ட நின்று பழகிவிட்டால் திரும்பி வரும் வழி அவனுக்கே தெரியாது.

கொழும்பு வீடுகளின் அமைப்பும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் பெரிய வளவில் வளர்கிற பிள்ளை கோபம் வந்தால் கிணற்றடிக்குப் போகலாம், பின்வளவில் மாமரத்தடியில் இருக்கலாம். இரண்டு அறைப் பிளாட்டில், அல்லது ஒருவருடைய வீட்டுக்குப் பின்னால் எடுத்த அனெக்ஸில், வேலைக்குப் போகிற ஒரு இளைஞனுக்கு மூடிக்கொள்ள ஒரு கதவு கிடையாது. தம்பியோடு அறையைப் பகிர வேண்டும், ஹோலில் அம்மா நாடகம் பார்ப்பார். போன் திரைதான் அவருக்கு மிஞ்சிய கதவு. 100 பஸ்ஸில் நெரிபட்டு வந்து இறங்கியவர் ஒரு மணித்தியாலம் அதற்குள் புகுந்திருந்தால் அதை உங்கள் மீதான வெறுப்பாக எடுக்க வேண்டாம்.

வெளியே பக்குவமாக நடக்கும் ஆள் வீட்டுக்குள் மட்டும் சிடுசிடுப்பது ஏன் என்றும் பலர் கேட்பார்கள். மூளையில் ஆத்திரத்தை அடக்கி, பின்விளைவை யோசித்து முடிவெடுக்க உதவும் நெற்றிப்புறப் பகுதி 20களின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. 23 வயதில் அந்த அடக்கம் கைவசம் உண்டு, ஆனால் அளவோடுதான் உண்டு. மேலதிகாரியிடம், வாடிக்கையாளரிடம், பஸ் கொண்டக்டரிடம் அதைச் செலவழித்துவிட்டு மிச்சத்தோடு வீட்டுக்கு வருகிறார். அதோடு, அலுவலகத்தில் எல்லோரும் அவரை 23 வயது ஆளாகத்தான் அறிவார்கள். வீட்டில் அவரை 10 வயதிலும் 15 வயதிலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் தம்பியும் பழைய அண்ணாவைத் தேடுகிறீர்கள், அவர் பழைய சின்னத் தங்கச்சியைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறார். மனிதர்கள் வெளியாட்களுக்கு முன்னால்தான் முதலில் பெரியவர்களாகிறார்கள், கூடப் பிறந்தவர்களுக்கு முன்னால் கடைசியில்தான் ஆகிறார்கள். நான் பார்த்த அளவில் இதற்கு விதிவிலக்குக் குறைவு.

இனி, தோளில் ஏற்றிய சுமை.

எங்கள் சமூகத்தில் மூத்த ஆண்பிள்ளைக்கு வீட்டுப் பொறுப்பு என்பது நேற்று வந்த பழக்கமல்ல. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையிலேயே, ஆண்பிள்ளைகள் கலியாணம் முடிக்கும் வரை உழைத்ததெல்லாம் தாய் தகப்பனின் பொதுச் சொத்தோடு சேர வேண்டும், தங்கள் உடம்பில் அணிந்த பொன் வெள்ளி நகைகள் மட்டும்தான் அதற்கு விலக்கு என்று இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்குச் சீதனம் அந்தப் பொதுச் சொத்திலிருந்து போகும். அதாவது அண்ணனுடைய இளமைக்கால உழைப்பு தங்கச்சிமாரைக் கரைசேர்க்கும் பணம் என்று அன்றே கணக்குப் போட்டிருக்கிறார்கள். சட்டம் பிறகு பலமுறை மாறிவிட்டது, மனக்கணக்கு மாறவில்லை. 1983க்குப் பிறகு கனடாவுக்கும் சுவிஸுக்கும் லண்டனுக்கும் போன ஆயிரக்கணக்கான அண்ணாமார் பனியில் நின்று உழைத்து, வங்கி வழியாக அல்லாமல் உண்டியல்காரர் மூலம் அனுப்பிய காசு, இதே கணக்கின் தொடர்ச்சிதான். வெள்ளவத்தையில் கொமினிக்கேசன் கடைகளில் வரிசையில் நின்று அவர்களோடு பேசிய தங்கச்சிமார் இன்று அம்மாமாராக இருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு அண்ணா இருந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அந்தத் தியாகத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதனால் படித்தவர்களும், உயிர் தப்பியவர்களும் ஏராளம். ஆனால் அதற்குக் கொடுத்த விலையில் ஒரு பகுதி கூடப்பிறந்த உறவே. பதினெட்டு, இருபது வயதில் ஒருவரை அப்பாவின் கதிரையில் இருத்திவிட்டால் இளையவர்களுக்கு இன்னொரு அப்பா கிடைக்கிறார், அண்ணா கிடைப்பதில்லை. அப்பாவுக்குப் பயந்து மறைக்கிற விடயங்களை இனி அண்ணாவுக்கும் மறைக்க வேண்டும். தவறு செய்துவிட்டால் ஓடிப்போய்ச் சொல்ல இருந்த ஒரே ஆளும் போய்விடுகிறார்.

குடும்பச் சிகிச்சையில் பெரிய பெயர் பெற்ற சல்வடோர் மினுச்சின் என்ற வைத்தியர், அமெரிக்காவின் ஏழைக் குடும்பங்களோடு வேலை செய்தபோது இப்படிப்பட்ட மூத்த பிள்ளைகளை நிறையக் கண்டார். தாய் தகப்பன் வேலையால் அல்லது பிரிவால் வீட்டில் இல்லை, மூத்த பிள்ளை வீட்டை நடத்துகிறது. இது எப்போதும் கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. எந்த வேலை பிள்ளையிடம் ஒப்படைக்கப்படுகிறது, எதுவரைக்கும் என்று தெளிவாகச் சொல்லி, பெற்றோர் பின்னால் நின்றால் அந்தப் பிள்ளை பொறுப்பும் திறமையும் உள்ளவராக வளரலாம். எதுவும் சொல்லாமல், எல்லையும் வைக்காமல், பெற்றோர் ஒதுங்கிக்கொண்டால்தான் பிள்ளை முறிகிறது. இதைப் படித்தபோது கொழும்பில் நான் கண்ட எத்தனையோ வீடுகள் எனக்கு விளங்கின.

உங்கள் வீட்டை எடுங்கள். அப்பா வாட்ஸ்அப்பில் அண்ணாவிடம், "நீதான் வீட்டைப் பாக்கோணும்" என்று சொல்லியிருப்பார். அம்மா நீங்கள் எதைக் கேட்டாலும் "அண்ணாட்ட கேள்" என்று சொல்வார். எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று ஒருவரும் பிரித்துச் சொல்லவில்லை. எல்லை தெரியாத பொறுப்பை ஏற்ற ஆள் எல்லாவற்றையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வார். கரண்ட் பில்லும் அவருடையது, உங்கள் பஸ் நேரமும் அவருடையது, தம்பியின் தலைமயிர் வெட்டும் அவருடையது. இப்போது அவருக்கு 23 என்றால், 2022 நெருக்கடியின்போது பள்ளிக்கூடம் முடித்த கையோடு நின்றிருப்பார். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்றது யார், கரண்ட் இல்லாத இரவுகளில் கீழே போய்த் தண்ணீர் தூக்கியது யார் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அண்ணா "மாறிப்போன" காலமும் அந்தக் காலமும் ஒன்றாக இருக்கக்கூடும்.

தங்கச்சிமாரைப் பற்றி இதில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மருந்து வாங்கினால், பில் கட்டினால், வேலை முடிந்தது என்று அண்ணாவுக்குத் தெரியும். "தங்கச்சியைப் பார்த்துக்கொள்" என்பது எப்போது முடியும்? அளக்க முடியாத வேலையைப் பையன்கள் கண்காணிப்பாகச் செய்யத் தொடங்குகிறார்கள். எத்தனை மணிக்கு வந்தாய், யாரோடு வந்தாய், யாருடைய மெசேஜ் என்று கேட்கிறார்கள். அக்கறையும் காவலும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நான் வித்தியாசம் காணும் இடம் ஒன்றே: நீங்கள் பதில் சொன்ன பிறகு என்ன நடக்கிறது? "பஸ் கிடைக்கவில்லை, அதுதான் லேட்" என்று சொன்னதும் "சாப்பிட்டியா?" என்று கேட்டால் அக்கறை. பதிலைச் சோதித்துப் பார்க்கப் புறப்பட்டால் காவல். கிளாஸ் நேரம் விசாரிக்கும் அண்ணா முதல் வகையாக இருக்க இடமுண்டு, நீங்கள்தான் பார்க்க வேண்டும். அடிப்பது, போனைப் பறித்து வைப்பது, படிப்பை நிறுத்தப் பார்ப்பது எல்லாம் அண்ணாவின் உரிமையில் வராது, பக்குவத்திலும் வராது. அப்படி ஒரு நிலை வந்தால் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டாம். 18 வயதுக்குட்பட்ட எவரும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

எல்லா வீட்டு அண்ணாவும் ஒரே வழியில் வளர்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் பையன்களில் எத்தனையோ பேர் ஹட்டன், பதுளைப் பக்கத் தோட்டங்களிலிருந்து 17, 18 வயதில் வந்தவர்கள். தம்பி தங்கச்சி படிக்க வேண்டும் என்று தன் படிப்பை விட்டவர்கள். தீபாவளிக்கு உடுப்புப் பொதியோடு லயத்துக்குப் போய் இறங்கும்போது வீட்டில் அவர்களுக்கு ராஜ மரியாதை. மூன்று நாள் கழித்துத் திரும்பும்போது தங்கச்சி என்ன பாடம் படிக்கிறாள் என்றே தெரியாமல் திரும்புவார்கள். அந்தத் தங்கச்சி பல்கலைக்கழகம் போன பிறகு அண்ணனோடு என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்பாள். அங்கே தூரத்தை உண்டாக்கியது குணமல்ல. கொடுப்பவர், வாங்குபவர் என்ற இரண்டு இடங்கள் மட்டும் மிஞ்சிவிட்டன, அவ்வளவுதான். வாங்குகிறவருக்குச் சின்னவராக உணராமல் இருப்பது கடினம், கொடுக்கிறவருக்குத் தன் கஷ்டத்தைச் சொல்வது கடினம். அப்படிப்பட்ட ஒரு தங்கை தன் முதல் சம்பளத்தில் அண்ணனுக்கு ஒரு சப்பாத்து வாங்கிக் கொடுத்ததைப் பற்றி ஒரு தாய் என்னிடம் பெருமையோடு சொன்னார். சப்பாத்தைவிட, அண்ணனும் வாங்குகிற ஆளாக ஒருமுறை இருந்தார் என்பதுதான் அதில் பெரிய விடயம்.

தம்பியின் கதை வேறு. "அஞ்சு வயதில் அண்ணன் தம்பி, பத்து வயதில் பங்காளி" என்று எங்கள் ஆட்கள் சொல்வது காணி பூமி இருந்த வீடுகளுக்கு. உங்கள் பிளாட்டில் பங்கு பிரிக்கக் காணி இல்லை, ஒப்பீடுதான் இருக்கிறது. "அண்ணாவைப் பார், இந்த வயசில எப்பிடிப் படிச்சவன்" என்று நாளுக்கு ஒருதரம் கேட்கும் 13 வயதுப் பையன் அண்ணாவை நேசிப்பதற்கு மிகுந்த மனவலிமை வேண்டும். மூத்த பிள்ளை இயல்பிலேயே கெட்டி என்று பெற்றோர் நினைப்பதும் உண்டு. நோர்வேயில் இராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்ட சுமார் இரண்டரை லட்சம் இளைஞர்களின் நுண்ணறிவுப் புள்ளிகளை வைத்து 2007இல் ஒரு ஆய்வு வந்தது. மூத்தவர்களுக்கு இரண்டு மூன்று புள்ளிதான் சராசரியாகக் கூட இருந்தது. அதிலும், மூத்த பிள்ளை குழந்தையாக இறந்து போய் இரண்டாவது பிள்ளை மூத்ததாக வளர்ந்த வீடுகளில், அந்த இரண்டாவது பிள்ளையின் புள்ளி மூத்தவர்களுடைய அளவுக்கே இருந்தது. ஆக அந்தச் சிறு வித்தியாசமும் பிறந்த வரிசையால் வந்ததில்லை, வீட்டில் கொடுக்கப்பட்ட இடத்தால் வந்தது. அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். ஒப்பீட்டை நிறுத்தினாலே அந்தச் சண்டையில் பாதி குறையும். மிச்சப் பாதி இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதால் வருவது. அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

அண்ணா உண்மையில் பக்குவப்படுகிறார் என்பதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சம்பளம் கொண்டுவருவதை வைத்தல்ல, குரல் தடித்துப் போவதை வைத்தும் அல்ல. தனக்குத் தெரியாததை உங்களிடம் கேட்கிறாரா என்று பாருங்கள். "இந்த சேர்ட் இன்ரவியூவுக்குச் சரியா?" என்று ஒருநாள் கேட்டால் அதைச் சின்ன விடயமாக விட்டுவிடாதீர்கள். தன்னுடைய ஒரு தோல்வியை, பரீட்சையில் ஒரு பாடம் போனதை, அலுவலகத்தில் பேச்சு வாங்கியதை உங்களிடம் சொல்கிறாரா? நீங்கள் "இல்லை" என்று சொன்னால் கோபப்பட்ட பிறகாவது அதை ஏற்கிறாரா? அண்ணா என்ற கதிரையிலிருந்து இறங்கிப் பக்கத்தில் இருக்க முடிகிறவர்தான் பெரியாளானவர். பலருக்கு இது 25 வயதை ஒட்டி வரும். சிலருக்குத் தன் பிள்ளை பிறந்த பிறகு வரும். சிலர் 60 வயதிலும் தங்கச்சியைக் கேள்வி கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

இந்த உறவு காப்பாற்றப்பட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அண்ணாவின் நன்மையும் ஒரு காரணம். ஹார்வர்டில் 1930களின் கடைசியில் தொடங்கி, மாணவர்களாக இருந்த ஆண்களை முதுமை வரை பின்தொடர்ந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அதில் 229 பேருடைய தகவல்களை வைத்து ரொபர்ட் வால்டிங்கர் குழுவினர் 2007இல் எழுதியது இது: 20 வயதுக்கு முன் கூடப்பிறந்தவர்களோடு உறவு மோசமாக இருந்தவர்களுக்கு, 50 வயதுக்குள் கடும் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. பெற்றோரோடு இருந்த உறவைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. வீட்டைத் தாங்குகிற பையன்களை நாங்கள் "அவன் சமாளிப்பான்" என்று சொல்லியே தனியாக்கிவிடுகிறோம். உங்கள் அண்ணா வாரக்கணக்கில் நித்திரை இல்லாமல், சாப்பாட்டில் மனமில்லாமல், நண்பர்களையும் விட்டு ஒதுங்கினால் அது வயதுக் குணம் என்று இருந்துவிட வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று வந்தால், முதலில் "ஏன் மாறிட்டீங்கள்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டால் குற்றம் சாட்டியதாகத்தான் எடுப்பார். பேச வைக்க வேண்டுமென்றால் முகத்துக்கு முகம் இருத்தி வைக்காதீர்கள். ஆண்பிள்ளைகளுக்கு பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போதுதான் வாய் திறக்கும். மெரின் டிரைவில் ஒரு ஞாயிறு பின்னேரம் நடக்கக் கூப்பிடுங்கள், பேச்சுக்காக அல்ல, ரோல்ஸ் சாப்பிட. முதல் இரண்டு தடவை ஒன்றும் பேசாமல் வருவார். பரவாயில்லை.

அடுத்தது, அவருடைய வேலையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு எடுங்கள்: "தம்பியின்ட படிப்பை இனி நான் பார்க்கிறேன், நீங்கள் விடுங்கோ." எடுத்தால் உண்மையாகவே எடுங்கள். அவர் நடுவில் வந்து சரிபிழை பார்க்க வந்தால் "நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் அண்ணா" என்று அமைதியாகச் சொல்லுங்கள். உங்களைப் பொறுப்பானவராக அவர் காண வேறு வழி கிடையாது. 17 வயதுப் பிள்ளை தன் கிளாஸ் நேரத்தைத் தானாக ஒரு மெசேஜில் அனுப்பிவிட்டால் "ஏன் லேட்?" என்ற கேள்வி எத்தனை குறைகிறது என்று பாருங்கள். இது பணிந்து போவது இல்லையா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரே பிளாட்டில் வாழும் பெரியவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போவது வழமை. அவரும் தான் வரும் நேரத்தை அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் நடந்தால்தான் அது சரி.

ஆனால் முக்கியமான வேலை உங்களுடையது அல்ல, அப்பாவுடையது. அடுத்த அழைப்பில் அம்மாவும் பக்கத்தில் இருக்க, அப்பா அண்ணாவிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "வீட்டு வாடகையும் பில்லும் நீ பார். தங்கச்சியின்ட படிப்பு, தம்பியின்ட பள்ளிக்கூட விசயம் அம்மாவும் நானும் பார்க்கிறம். நீ அவையளுக்கு அண்ணாவா இரு, போதும்." இதைச் சொல்லிவிட்டு அவர் அதைச் செய்தும் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை தம்பியோடு நேரே பேசி, பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவனிடமே கேட்க வேண்டும், அண்ணா மூலம் கேட்கக் கூடாது. அம்மாவும் "அண்ணாட்ட கேள்" என்ற சொல்லை அண்ணாவுக்கு உரிய விடயங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இந்தப் பதிலையே அனுப்பிவிடுங்கள். தூரத்தில் இருக்கும் தகப்பன்மாருக்குத் தாங்கள் பொறுப்பை விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் எப்போதும் இருக்கும். அதனால் முதலில் கோபப்படக்கூடும். இரண்டாவது அழைப்பில் கேட்பார்.

இன்னும் சில வருடங்களில் அண்ணா கலியாணம் முடிப்பார், அல்லது வெளிநாடு போவார், அல்லது நீங்கள் போவீர்கள். அண்ணி வந்ததும் அண்ணா கைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லும் வீடுகளில் பெரும்பாலும் உறவு அதற்கு முன்பே பொறுப்பாகச் சுருங்கியிருக்கும். அண்ணிமேல் பழி விழுவது அநியாயம்.

அப்பா லீவில் வரும் மாதத்தை வீணாக்காதீர்கள். வழக்கமாக அந்த மாதத்தில் அப்பா விருந்தாளி போல இருப்பார், அண்ணாதான் அவரையும் ஏற்றி இறக்கித் திரிவார். இந்த முறை அதை மாற்றச் சொல்லுங்கள். மார்க்கெட், பாங்க், தம்பியின் பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் அப்பா போகட்டும். அண்ணாவிடம் ஒருவரும் ஒன்றும் கேட்க வேண்டாம். முதல் வாரம் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. எரிச்சல்கூடப் படுவார். இரண்டாம் வாரம் தம்பி பந்தை எடுத்துக்கொண்டு போய் நின்று பார்க்கட்டும்.